பிளாஸ்மா டார்ச்சும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

பிளாஸ்மா கட்டிங் டார்ச்சின் நுனியில் நிற்கும் மின்வில் 20,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரிதான். அவ்வளவு சூட்டின் பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரோடும் நாசிலும் செம்பில் கடைந்தவை. செம்போ 1,085 டிகிரியில் உருகிவிடும் உலோகம். அது உருகாமல் நிற்க இரண்டு காவல்கள் இருக்கின்றன. வில்லைச் சுற்றிச் சுழன்றோடும் குளிர்ந்த வாயுப் படலம் ஒன்று. செம்புச் சுவருக்குப் பின்னால், சில மில்லிமீட்டர் தள்ளி, நிற்காமல் ஓடும் தண்ணீர் இன்னொன்று.

இந்தக் கருவியின் எழுபது ஆண்டு வரலாற்றை விஞ்ஞானிகள் வில்லின் பக்கம் நின்று எழுதியிருக்கிறார்கள். தண்ணீரின் பக்கம் நின்று பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. வில்லை ஒடுக்க ஒடுக்க, தண்ணீரை அதற்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நெருங்க நெருங்கக் கசிவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்தது. அதனால் வரும் கேடு பெருத்தது. கசிவைத் தேடுவது அப்படித்தான் ஒரு தனிக் கைத்திறனாக வளர்ந்தது.

தீயின் வாயில் தண்ணீரை ஓடவிடும் துணிச்சல் பிளாஸ்மாவோடு பிறந்ததல்ல. 1828-இல் கிளாஸ்கோ நகர எரிவாயு நிலையத்தின் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் போமான்ட் நீல்சன், இரும்பு உலைக்குள் ஊதும் காற்றைச் சூடாக்கி அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கரிச்செலவு பெருமளவு குறைந்தது. ஆனால் சுடுகாற்றைத் தாங்க முடியாமல் உலைக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஊதுகுழல்களின் மூக்குகள் எரிந்துபோயின. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் காண்டி என்பவர் இரும்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி, அதை வார்ப்பிரும்பு மூக்குக்குள் புதைத்து, சுருளில் தண்ணீரை ஓடவிட்டார். மூக்கு பிழைத்தது. ஆனால் புதிய கவலை ஒன்று உலைக்காரர்களைப் பிடித்துக்கொண்டது. சுருளில் வெடிப்பு விழுந்தால் தண்ணீர் உலைக்குள் போகும், உலை குளிரும், இரும்பு கெடும். குழாய்க்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பது உலைக்களத்தின் அன்றாட வேலையானது. பின்னாளில் பிளாஸ்மா டார்ச்சைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் இதே கவலைதான், இதே கணக்குதான்.

தகடு வெட்டுவதில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி கேஸ் கட்டிங்கின் காலம். பிரான்சில் ஆன்ரி லெ ஷாத்லியே 1895-இல் அசிட்டிலீனையும் ஆக்சிஜனையும் கலந்து எரித்தால் 3,000 டிகிரிக்கு மேல் சூடேறும் என்று காட்டினார். சில ஆண்டுகளிலேயே அதற்கான டார்ச்சும் வந்துவிட்டது. இரும்பைச் செந்தணலாக்கி அதன்மேல் ஆக்சிஜனைப் பாய்ச்சினால் இரும்பே எரிந்து வழிகிறது. கப்பல் கட்டும் துறைகளும் பாய்லர் பட்டறைகளும் இந்த ஒரு முறையை நம்பி வளர்ந்தன. ஆனால் அலுமினியத்திடமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிடமும் அது தோற்றது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படியும் ஆக்சைடோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் ஆக்சைடு அதே வேலையைச் செய்கிறது. எரியவிடாமல் மேலே மூடி போட்டுக்கொள்ளும் உலோகத்தைக் கேஸ் கட்டிங்கால் என்ன செய்ய முடியும்?

விமானத் தொழிற்சாலைகளில் இந்தச் சிக்கல் முதலில் வெல்டிங்கில் முட்டியது. 1941-இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித், மக்னீசியத்தை ஒட்டுவதற்காக டங்ஸ்டன் எலெக்ட்ரோடைச் சுற்றி ஹீலியம் வாயுவை ஓடவிட்டு வில் மூட்டினார். ‘ஹீலியார்க்’ என்று பெயர் பெற்ற அந்த முறையைத்தான் இன்று பட்டறைகளில் டிக் வெல்டிங் என்கிறார்கள். அதன் உரிமையை வாங்கி வளர்த்தது யூனியன் கார்பைடின் லிண்டே பிரிவு.

பெரிய கரன்ட்டில் வேலை செய்யும் டிக் டார்ச்சுகளுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி வந்தது. கரன்ட் போகும் செம்புக் கம்பியையே தண்ணீர் ஹோஸுக்குள் நுழைத்துவிட்டார்கள். சுற்றிலும் தண்ணீர் ஓடுவதால் கம்பி மெலிதாக இருந்தாலும் சூடேறாது, டார்ச் கைக்கு இலகுவாகும். ஆனால் தண்ணீர் நின்றுபோனாலோ எங்காவது வழியில் ஒழுகிப்போனாலோ, அந்த மெல்லிய கம்பி நொடிகளில் எரிந்து ஹோஸையும் பொசுக்கிவிடும். தண்ணீர் இல்லாவிட்டால் உருகி மின்சாரத்தை அறுக்கும் ஃபியூஸ் இணைப்பு ஒன்றை அந்தப் பாதையில் வைத்தார்கள். நீர்க்குளிர்ச்சி டார்ச்சுக்குக் கிடைத்த முதல் காவலாளிகளில் அதுவும் ஒன்று.

அதே லிண்டேயில் பணியாற்றிய ராபர்ட் கேஜ் 1950-களின் நடுவில் டிக் வில்லை ஒரு சிறிய துளை வழியே நெருக்கிப் பார்த்தார். துளை சிறுக்கச் சிறுக்க வில்லின் சூடும் வாயுவின் வேகமும் ஏறின. ஒரு கட்டத்துக்கு மேல் அது உலோகத்தை ஒட்டவில்லை. உருக்கி ஊதித் தள்ளியது. அலுமினியத் தகட்டில் சுத்தமான வெட்டு விழுந்தது. 1955-இல் விண்ணப்பித்து 1957 செப்டம்பர் 10-இல் அவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 2,806,124-ஆம் எண் கொண்டது. பிளாஸ்மா கட்டிங்கின் பிறப்புச் சான்றிதழ் என்று அதைச் சொல்லலாம்.

டிக் டார்ச்சில் வில் திறந்தவெளியில் நின்றது. கேஜின் டார்ச்சில் அது செம்புத் துளைக்குள் புகுந்து வெளியே வந்தது. அதனால் நாசில் என்ற புதிய உறுப்புக்குத்தான் சூட்டின் பெரும்பங்கு. தண்ணீர் எலெக்ட்ரோடை மட்டும் குளிர்வித்தால் போதாது, நாசிலைச் சுற்றியும் வர வேண்டும். ஒரே டார்ச்சுக்குள் வாயுவின் பாதையும் தண்ணீரின் பாதையும் மின்சாரத்தின் பாதையும் ஒன்றையொன்று ஒட்டி ஓடின. அவற்றைப் பிரித்து வைத்தவை மெல்லிய செம்புச் சுவர்களும் ரப்பர் வளையங்களும்தான்.

அந்த ரப்பர் வளையத்தைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். அது இல்லாமல் இந்த டார்ச் பிறந்திருக்காது. டென்மார்க்கில் 1865-இல் பிறந்து, 1891-இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன், டிராம் வண்டிகளுக்கான காற்று பிரேக்கில் பேர்பெற்ற பொறியாளர். எழுபது வயதை ஒட்டிய காலத்தில், வட்டமான ரப்பர் வளையத்தை எந்த அளவுக் காடியில் உட்காரவைத்தால் கசியாது என்று சோதித்துக்கொண்டே இருந்தார். காடி, வளையத்தின் கனத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளமாக இருந்தால் அது அடைத்து நிற்கிறது என்று கண்டார். உள்ளே அழுத்தம் ஏறினால் வளையம் காடியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு இன்னும் இறுக்கமாக அடைக்கும். எதிரியின் பலத்தையே தன் பலமாக்கிக்கொள்ளும் அந்த எளிய உத்திதான் ஓ-ரிங். 1937-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1939-இல் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்களின் ஹைட்ராலிக் அமைப்புகள் எங்கும் அது பரவியது. பிளாஸ்மா டார்ச் வரும்போது ஓ-ரிங் தயாராகக் காத்திருந்தது.

ஒரு டார்ச்சுக்குள் பல ஓ-ரிங்குகள் இருக்கும். எலெக்ட்ரோடுக்கு ஒன்று, நாசிலுக்கு ஒன்றோ இரண்டோ, மூடிக்கு ஒன்று, டார்ச் உடம்பும் அதைத் தாங்கும் தளமும் சேரும் இடத்தில் சில. ஒன்றில் நகக்கீறல் அளவு வெட்டு விழுந்தாலும் தண்ணீர் வழி கண்டுவிடும்.

அமெரிக்காவில் பிளாஸ்மாவின் அடுத்த கட்டம் நியூ ஹாம்ப்ஷயரில், கனெக்டிகட் ஆற்றங்கரையில் நடந்தது. டார்ட்மத் கல்லூரியின் தேயர் பொறியியல் பள்ளியில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பிரவுனிங் தெர்மல் டைனமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வில்லைச் சுற்றி இரண்டாவதாக ஒரு வாயுவையும் ஓடவிடும் இரட்டை வாயு முறை 1960-களின் தொடக்கத்தில் வந்தது. அதே பள்ளியில் ராபர்ட் டீன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் ரிச்சர்ட் கௌச்சும் 1968-இல் இரண்டு கார் நிறுத்தும் அளவுள்ள ஒரு கொட்டகையில் ஹைப்பர்தெர்ம் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். தண்ணீரையே அவர்கள் வில்லின் மேல் விட்டார்கள். நாசில் துளைக்குள், வில்லைச் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சீராகத் தண்ணீரைப் பாய்ச்சினால் வில் இன்னும் ஒடுங்குகிறது. பாயும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்குகூட ஆவியாவதில்லை. மிச்சம் கூம்பு வடிவத் தூவலாக வெளியேறி நாசிலையும் தகட்டையும் குளிர வைக்கிறது. வெட்டின் ஓரம் நேராக, பிசிறு இல்லாமல் வந்தது. நாசிலின் ஆயுள் கூடியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இந்த முறையில் எல்லாத் திசையிலிருந்தும் சமமாக, அளந்த வேகத்தில் வரும் தண்ணீர் வில்லைக் காக்கிறது. கிழிந்த ஓ-ரிங்கின் ஒரு பக்கமாக ஊறி வரும் சொட்டோ அதே வில்லைக் கெடுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் வாயுவின் சுழற்சி கலைகிறது. வில் நடுவிலிருந்து விலகி நாசில் துளையின் ஓரத்தைத் தின்கிறது. சில சமயம் எலெக்ட்ரோடிலிருந்து நாசிலுக்கும், நாசிலிலிருந்து தகட்டுக்கும் என்று வில் இரண்டாகப் பிரிந்து நாசிலை ஒரே நொடியில் முடித்துவிடுகிறது. தண்ணீரை வில்லுக்குள் வேண்டுமென்றே விட்ட இந்த டார்ச்சில், வேண்டாத தண்ணீரைக் கண்டுபிடிப்பது கடினமானது. நுனி எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரத்தில் எது முறையாக வந்தது, எது ஒழுகி வந்தது என்று பிரித்தறிய ஒரே வழி, பாய்ச்சும் தண்ணீரை அடைத்துவிட்டுக் குளிர்விக்கும் தண்ணீரை மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பது.

1970-களில் வெட்டும் மேடையையே தண்ணீர்த் தொட்டியாக்கினார்கள். நைட்ரஜன் பிளாஸ்மாவின் இரைச்சல் 110 டெசிபலைத் தாண்டும். புகையும் புற ஊதாக் கதிரும் வேறு. தகட்டைத் தண்ணீருக்கு அடியில் அமிழ்த்தி வெட்டினால் இவை எல்லாம் அடங்கின. தொழிலாளியின் காதுக்கும் நெஞ்சுக்கும் அது பெரிய விடுதலை. ஆனால் டார்ச்சின் கசிவு தொட்டித் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து மறைந்துபோனது. டார்ச்சைக் குளிர்விக்கும் தண்ணீர், அதாவது கூலன்ட், இருக்கும் தொட்டியில் மட்டம் இறங்குவது மட்டுமே மிஞ்சிய சாட்சி.

அட்லான்டிக்கின் மறுகரையிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. போருக்குப் பின் சோவியத் அணுத் திட்டத்தில் பணியாற்றி 1955-இல் டிரெஸ்டன் நகருக்குத் திரும்பிய இயற்பியலாளர் மான்ஃபிரட் ஃபொன் ஆர்டென்னே அங்கே தன் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். கிழக்கு ஜெர்மனியின் ஃபின்ஸ்டர்வால்டே ஊரில் இருந்த செல்பெர்க் வெல்டிங் ஆலை 1950-களின் இறுதியில் அவரோடு சேர்ந்து பிளாஸ்மா கட்டிங்கை உருவாக்கியது. பூசிய வெல்டிங் ராடைக் கண்டுபிடித்த ஸ்வீடன்காரர் ஆஸ்கர் செல்பெர்கின் பெயர் தாங்கிய ஆலை அது.

விலை உயர்ந்த ஆர்கானும் ஹைட்ரஜனும் இல்லாமல், வெறும் காற்றைக் கொண்டே வெட்ட முடியுமா என்ற கேள்வி எல்லா இடத்திலும் எழுந்தது. தடை டங்ஸ்டன் எலெக்ட்ரோடுதான். 3,400 டிகிரியைத் தாண்டியும் உருகாத டங்ஸ்டன், காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் எரிந்துபோகும். விடை சிர்கோனியமும் ஹாஃப்னியமும். செம்பு எலெக்ட்ரோடின் நுனியில் பென்சிலின் கரித்தண்டு போல ஒரு சிறு ஹாஃப்னியம் துண்டைச் செருகிவிட்டால், அதன்மேல் உருவாகும் ஆக்சைடு உருகிய நிலையிலும் ஒட்டிக்கொண்டு வில்லுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுக்கிறது. ஹாஃப்னியம் 2,230 டிகிரி சுமாருக்கு உருகும். ஆகவே பின்னால் இருந்து அதைக் குளிர்விக்காவிட்டால் ஒரு வெட்டுக்குக்கூட நிற்காது.

ஹாஃப்னியம் 1923-இல் கோபன்ஹேகனில் டிர்க் காஸ்டரும் ஜார்ஜ் டி ஹெவெஷியும் கண்டறிந்த தனிமம். சிர்கோனியத்தோடு எப்போதும் ஒட்டிப் பிறக்கும் இது நியூட்ரான்களை விழுங்கிவிடும் குணம் உடையது. அதனால் அணு உலைக்கான சிர்கோனியத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தே ஆக வேண்டும். பிளாஸ்மா எலெக்ட்ரோடுகளுக்கு ஹாஃப்னியம் கிடைக்கும் மூலமே அந்தச் சுத்திகரிப்புதான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்கான் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணு எரிபொருள் வளாகத்தின் சிர்கோனிய ஆலை 2009 முதல் இயங்குகிறது. மணலாக அள்ளும்போது சிர்கோனியமும் ஹாஃப்னியமும் ஒன்றாகத்தான் வருகின்றன.

ஹாஃப்னியம் எலெக்ட்ரோடு வந்த பிறகு கசிவின் கதை புதிய கட்டத்தை அடைந்தது. எலெக்ட்ரோடு உள்ளே குடைந்த குவளை போன்றது. அந்தக் குடைவுக்குள் ஒரு மெல்லிய தண்ணீர்க் குழாய் இறங்கும். குழாயின் வாயிலிருந்து பீறிடும் தண்ணீர் ஹாஃப்னியத்தின் முதுகில் நேராக மோதி, குழாயின் வெளிப்பக்கம் வழியே திரும்பி மேலேறும். குழாய் வளைந்திருந்தாலோ, மாற்றும்போது மறந்து விட்டுவிட்டாலோ, எலெக்ட்ரோடு முதல் வெட்டிலேயே போய்விடும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒவ்வொரு முறை வில் மூட்டி அணைக்கும்போதும் உருகிய ஹாஃப்னியம் கொஞ்சம் சிதறுகிறது. நடுவில் குழி விழுகிறது. காற்றிலும் ஆக்சிஜனிலும் வெட்டும் எலெக்ட்ரோடை, குழி சுமார் 1 மில்லிமீட்டர் ஆழம் ஆனதும் மாற்றிவிடுவது வழக்கம். இன்னும் நாலு தகடு ஓட்டலாம் என்று விட்டுவைத்தால் வில் ஹாஃப்னியத்தைத் தாண்டிச் செம்பைத் தின்னத் தொடங்கும். வில்லில் பச்சை நிறம் தெரிந்தால் செம்பு எரிகிறது என்று பொருள். அதையும் கவனிக்காவிட்டால் செம்பு ஓட்டையாகி, பின்னால் இருக்கும் தண்ணீர் டார்ச்சின் நடுவுக்குள் பாயும். சில நூறு ரூபாய் எலெக்ட்ரோடுக்குப் பார்த்து, பல மடங்கு விலையுள்ள டார்ச் உடம்பைப் பறிகொடுப்பது இப்படித்தான்.

தண்ணீரின் தரமும் இந்த வரலாற்றில் ஒரு பாத்திரம். எலெக்ட்ரோடும் நாசிலும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருப்பவை. இரண்டையும் தொட்டு ஓடுவது ஒரே தண்ணீர். குழாய்த் தண்ணீரை விட்டால் அதில் கரைந்த உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். செம்பு அரிக்கும். வில் மூட்ட அனுப்பும் ஆயிரக்கணக்கான வோல்ட் உயர் அதிர்வெண் மின்சாரம், வாயு இடைவெளியைத் தாண்டுவதற்குப் பதில் தண்ணீர் வழியாகவே நழுவிவிடும், டார்ச் மூளாது. சூடான சுவரில் சுண்ணாம்பு படிந்தால் தண்ணீர் இருந்தும் குளிர்ச்சி இருக்காது. அதனால் அயனி நீக்கிய நீரும், அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றும் மூடிய சுற்றும் வந்தன. குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்து உடம்பைப் பிளக்காமல் இருக்க புரொப்பிலீன் கிளைக்கால் சேர்த்தார்கள். இன்று பரவலாகப் புழங்கும் கூலன்ட்டில் சுமார் 30 சதவீதம் அதுதான். மிச்சம் தூய நீர். செம்பு அரிக்காமல் இருக்க பென்சோடிரையசோல் துளியளவு. காருக்கு ஊற்றும் கூலன்ட்டை இதில் ஊற்றக் கூடாது. அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் காருக்கு நல்லவை, டார்ச்சுக்குப் பகை.

கிளைக்கால் கலந்த நீரின் கசிவுக்கு ஒரு அடையாளம் உண்டு. வெறும் தண்ணீர் உலர்ந்தால் சுவடு தெரியாது. இது உலர்ந்த பின்னும் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், தூசியைப் பிடித்துவைக்கும். இணைப்புகளின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் அதைக் கையாலேயே கண்டுகொள்வார்கள்.

தேடும் முறையில் முதல் விதி, சொட்டு விழும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு என்பது. டார்ச் தலைகீழாகத் தொங்குவதால் எங்கே கசிந்தாலும் தண்ணீர் ஹோஸையும் உடம்பையும் வழுக்கிக்கொண்டு கடைசியில் நுனிக்குத்தான் வரும். நுனியைப் பார்த்து எலெக்ட்ரோடையும் நாசிலையும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர். மேலே ஹோஸ் நட்டு ஒன்று தளர்ந்திருப்பதைப் பார்ப்பவர் சிலரே. அனுபவசாலி வேறு மாதிரி தொடங்குவார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டார்ச்சை நன்றாகத் துடைத்து உலர்த்துவார். ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய டிஷ்யூ பேப்பரைச் சுற்றுவார். நுனிக்கு அடியில் காய்ந்த அட்டை ஒன்றை வைப்பார். பிறகு மெயினைப் போட்டு, வில்லை மூட்டாமல் பம்பை மட்டும் ஓடவிட்டுக் காத்திருப்பார். வாயுவையும் அடைத்துவிட வேண்டும். அது ஓடினால் ஊறி வரும் சொட்டை ஊதிச் சிதறடித்துவிடும், கண்ணில் படாது. எந்தப் பேப்பர் முதலில் நனைகிறதோ அதுதான் இடம்.

நுனியிலேயே சொட்டினாலும் அதற்குள் பல கதைகள். நாசிலின் நடுத்துளை வழியே தண்ணீர் வந்தால் எலெக்ட்ரோடின் பக்கம் சந்தேகம் போக வேண்டும்: அதன் ஓ-ரிங், சரியாக முறுக்காத மறை, மெல்லிய வெடிப்பு. நாசிலுக்கும் அதன் வெளிக் கவசமான ஷீல்டுக்கும் நடுவில் வந்தால் நாசிலின் ஓ-ரிங்கோ அது உட்காரும் விளிம்போ பழுது. மூடிக்கும் உடம்புக்கும் இடையில் கசிந்தால் மூடியின் வளையம். புது எலெக்ட்ரோடும் புது நாசிலும் போட்டும் நிற்காத கசிவு டார்ச் உடம்பினுடையது. அதை வளையம் மாற்றித் தீர்க்க முடியாது. குளிர்ந்திருக்கும்போது எதுவும் தெரியாமல், நீண்ட வெட்டு முடிந்த கையோடு மட்டும் கசியும் வகையும் உண்டு. சூட்டில் செம்பும் ரப்பரும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. அந்தக் கசிவைப் பிடிக்க வேண்டுமானால் காலையில் பார்த்துப் பயனில்லை, வேலை முடிந்த உடனே பார்க்க வேண்டும்.

ஓ-ரிங்கைத் திருப்புளியால் நெம்பி எடுப்பவர் ஒரு கசிவை அடைத்து இன்னொன்றை உண்டாக்குகிறார். காடியில் விழும் கீறல் வளையத்தைவிட நீண்ட நாள் இருக்கும். சிலிக்கோன் கிரீஸும் அப்படித்தான். வளையம் பளபளக்கும் அளவுக்கு மெல்லிய பூச்சு போதும். அள்ளிப் பூசினால் அது உலோகத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும், வாயுவின் துளைகளை அடைக்கும், கசிவைப் போலவே வில்லைக் கோணலாக்கும். அப்போது இல்லாத கசிவைத் தேடி ஒரு நாள் போகும்.

மின்னணுக் காலம் வந்த பிறகு தண்ணீரின் ஓட்டத்தை அளக்கும் சென்சார்கள் வந்தன. ஓட்டம் குறைந்தால் மெஷின் தானாக நின்று திரையில் பிழை எண்ணைக் காட்டும். எத்தனையோ டார்ச்சுகளை அவை காப்பாற்றியிருக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவை பிடிப்பது பெரிய கசிவையும் அடைப்பையும் மட்டும்தான். நிமிடத்துக்குச் சில லிட்டர் ஓடும் குழாயில் நிமிடத்துக்கு ஒரு சொட்டு குறைந்தால் எந்த மீட்டரும் அசையாது; வில் மட்டும் அதை உணரும். எலெக்ட்ரோடு வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேய்வது, குழி நடுவில் விழாமல் ஓரமாக விழுவது, வில் படபடப்பது, வெட்டின் ஒரு பக்கம் சரிவது என்று எல்லாவற்றிலும் தெரியும். அந்த அடையாளங்களைப் படிக்கும் வேலை இன்றும் மனிதர் கையில்தான் இருக்கிறது. சென்சார் வந்த பிறகு பலர் அந்தப் படிப்பை விட்டுவிட்டது இந்தத் தொழிலுக்கு உண்மையான இழப்பு.

1980-களில் சிறிய கைடார்ச்சுகளில் தண்ணீரையே எடுத்துவிட்டார்கள். குறைந்த கரன்ட்டில் வெட்டும் இவற்றைப் பாயும் காற்றே குளிர்வித்தது. ஊர்ப்புறக் கிரில் பட்டறை வரை பிளாஸ்மா பரவியதற்கு அதுவே காரணம். ஆனால் கனமான தகட்டைப் பெரிய கரன்ட்டில் வெட்டும் மெஷின் டார்ச்சுக்குத் தண்ணீரை விட்டால் வழியில்லை. 1990-களில் வந்த ஹை-டெஃபனிஷன் டார்ச்சுகள் வில்லை இன்னும் ஒடுக்கின. துளை சிறுத்தது, செம்புச் சுவரில் ஏறும் சூடு கூடியது, சொட்டு செய்யும் சேதமும் கூடியது.

திருச்சியிலோ கோவையிலோ அம்பத்தூரிலோ இந்த மெஷின்களை ஓட்டும் இளைஞர்கள் பலர் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்து வந்தவர்கள். டார்ச்சைப் பிரித்துப் பார்க்கப் பட்டறையில்தான் கற்கிறார்கள். அதுவும் ஏதாவது கெட்டுப்போன பிறகு. பிளாஸ்மா மெஷினின் திறந்த சுற்று மின்னழுத்தம் 200 முதல் 400 வோல்ட் வரை டி.சி. சாதாரண வெல்டிங் மெஷினைப் போலப் பல மடங்கு அது. அந்த மின்சாரம் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒழுகுவது டார்ச்சுக்கு மட்டுமல்ல, அதைப் பிடிக்கும் கைக்கும் ஆபத்து. பட்டறை உரிமையாளர்கள் வாரத்தில் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்க வேண்டும். மெயினை அணைத்து, துடைத்து, பேப்பர் சுற்றி, பம்பை ஓடவிட்டுப் பார்க்கும் நேரத்தை வேலை நின்ற நேரமாகக் கணக்கெழுதக் கூடாது. போர்வெல் தண்ணீரைக் கூலன்ட் தொட்டியில் ஊற்றச் சொல்லாதீர்கள். ஐ.டி.ஐ. ஆசிரியர்கள் முதல் வெட்டைக் கற்றுக்கொடுக்கும் நாளுக்கு முன்பே, ஒரு பழைய டார்ச்சை மேசையில் பிரித்து வைத்து, தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே திரும்புகிறது, எந்த வளையம் அதை எங்கே நிறுத்துகிறது என்று மாணவர்களின் கையால் தொட்டுக் காட்டுங்கள்.